மண்ணும் மருந்தும் உரிமையும்

1950-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் ஒரு வியாஜ்யம் தொடரப்பட்டது. வாதி மாணவர், பிரதிவாதி அவருக்குக் கற்பித்த ஆசிரியர். வழக்குக்கு மூலமான பொருள் ஒரு பிடி மண்ணிலிருந்து கிடைத்தது. வரப்புத் தகராறுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த வக்கீல்களுக்கும் இது புதிய வழக்காகவே தோன்றும். மண் யாருடையது என்பதல்ல அங்கே எழுந்த கேள்வி. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் ஓர் உயிர் உண்டாக்கிய மருந்து யாருடையது என்பதே கேள்வி. அக்கேள்வி அந்த வழக்கோடு தீர்ந்துவிடவில்லை. நமது தேசத்தையும் பற்றி நிற்கும் கேள்வியாகையால் அதனை இன்று சற்று விரிவாகவே எடுத்துப் பேச விரும்புகிறோம்.

கோடை மழையின் முதல் துளிகள் விழும்போது எழும் மண் வாசனையை அறியாதவர் நம்மில் எவருமிலர். அவ்வாசனையின் பெரும் பகுதி மண்ணுடையதன்று. மண்ணில் வாழும் ஆக்டினோமைஸீட்டு என்ற பாக்டீரியா வகுப்பு உண்டாக்கும் ஒரு பொருளின் வாசனை அது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை இரைக்கும் இடத்துக்கும் ஓயாது போராடுகின்றன. போராட்டத்தில் ஒன்றை ஒன்று அடக்கப் பல ரஸாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. இப்பொருள்களில் சிலவே நாம் ஆன்டிபயாடிக் என்று வழங்கும் மருந்துகள். ஸ்ட்ரெப்டோமைஸின், டெட்ராஸைக்ளின், எரித்ரோமைஸின், வான்கோமைஸின் ஆகிய யாவும் இந்த ஆக்டினோமைஸீட்டு வகுப்பு அளித்த கொடைகளே.

தேடும் முறை கேட்பதற்கு எளிது. மண்ணைச் சுத்தமான நீரில் கரைத்து, அதைப் பலமுறை நீர் சேர்த்து மெலிதாக்கி, அகர் என்ற பசை பரப்பிய கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். (அகர் கடற்பாசியைக் காய்ச்சி எடுப்பது. நமது மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் ஜில்லாப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் பாசியிலிருந்தும் அது ஆகிறது.) சில தினங்களில் தட்டின்மேல் புள்ளி புள்ளியாகக் குடியிருப்புகள் எழும்பும். சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வறண்டு தோன்றுவனவற்றைத் தனியே எடுத்து வளர்த்து, அவற்றின் குறுக்கே நோய்க்கிருமிகளைக் கோடாக இழுத்து வைப்பார்கள். கிருமி அணுக அஞ்சியதுபோல் இடையே ஒரு வெற்றிடம் நின்றால், அங்கே ஏதோ ஒரு பொருள் சுரந்திருக்கிறது என்று கொள்ளலாம். இவ்வளவுதான் முறை. ஆனால் ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்தால் ஒன்று அகப்படும். அகப்பட்டதும் பெரும்பாலும் கிருமியோடு நோயாளியையும் கொல்லும் விஷமாக இருக்கும். பொறுமையே இத்தொழிலின் மூலதனம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இம்முறையை ஓர் ஆய்வுக் கூடத்தின் நித்தியத் தொழிலாகவே ஆக்கியவர் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் மண் நுண்ணுயிர் சாஸ்திரப் பேராசிரியராயிருந்த டாக்டர் செல்மன் வாக்ஸ்மன். 1940-இல் அவர் கூடத்தில் கிடைத்த ஆக்டினோமைஸின் கொடிய விஷமாயிற்று. 1942-இல் கிடைத்த ஸ்ட்ரெப்டோதிரிஸின் சிறுநீரகங்களைக் கெடுத்தது. 1943-ஆம் வருஷ நடுவில், முதுகு நோயால் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் அக்கூடத்திற்குத் திரும்பி வந்தார். க்ஷயரோகக் கிருமியைக் கையாளுவதற்கு மற்றவர்கள் தயங்கிய காலம். அந்த வேலையை அவர் விரும்பி ஏற்றார். கட்டிடத்தின் அடித்தளத்து அறையில் தனியாக உழைத்தார். மாதச் சம்பளம் 40 டாலர். இரவிலும் வாலை வடிக்கும் குடுவையின் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாராம். குடுவையில் சிவப்புக் கோடு ஒன்று இட்டு, திரவம் அதற்குக் கீழே இறங்கினால் தம்மை எழுப்பும்படி இரவுக் காவற்காரரிடம் சொல்லி வைத்திருந்தார் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1943-இல், எரு மிகுந்த வயல் மண்ணிலிருந்து ஒன்றும், ஒரு கோழியின் தொண்டையிலிருந்து ஒன்றுமாக, ஸ்ட்ரெப்டோமைஸீஸ் க்ரிஸியஸ் என்ற பாக்டீரியத்தின் இரண்டு இனங்களை அவர் கண்டார். அவை சுரந்த பொருளே ஸ்ட்ரெப்டோமைஸின். இந்த பாக்டீரியத்தை வாக்ஸ்மன் தாமே மாணவராயிருந்த காலத்தில், 1916-லேயே, அதே நியூ ஜெர்ஸி மண்ணிலிருந்து எடுத்து வர்ணித்திருந்தார்! எதிரே இருந்த மருந்து 27 வருஷம் யாருக்கும் மருந்தாகத் தோன்றவில்லை.

இதன் அருமையை உணர, அக்காலத்து க்ஷயரோகத்தின் கொடுமையை நினைத்துப் பார்க்கவேண்டும். ஸானடோரியமும் முட்டையும் பாலும் தவிர வேறு கதியில்லாத காலம் அது. பிரிட்டனில் 1947-இல், டாலர் பஞ்சத்தால் மருந்து மிகச் சொற்பமாகவே கிடைத்தபோது, 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கிச் சோதித்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தோர் 4. படுக்கை ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேரில் இறந்தோர் 14. பத்திரிகைத் தொழிலில் உள்ள நமக்கு 1948-ஆம் வருஷத்தை எண்ணும்போது இரண்டு எழுத்தாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பீஹாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரியில் அவ்வருஷம் அமெரிக்காவிலிருந்து தருவித்த ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசி போட்டார்கள். அவர் உடம்பு அதை ஏற்கவில்லை, 1950 ஜனவரியில் மாண்டார். 'தினமணி'யில் பணியாற்றிய நமது புதுமைப்பித்தன் அதே 1948-இல் திருவனந்தபுரத்தில் அதே நோய்க்கு இரையானார். வயது 42. மருந்து கண்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இனி வழக்குக்கு வருவோம். மருந்தைப் பற்றிய முதல் கட்டுரை 1944 ஜனவரியில் வெளிவந்தபோது ஷாட்ஸின் பெயர் முதலிலும், எலிஸபெத் பூகி என்ற பெண்மணியின் பெயர் அடுத்தும், வாக்ஸ்மன் பெயர் இறுதியிலும் இருந்தன. பேடண்டுக்கு மனுச் செய்தபோது பூகியின் பெயர் மறைந்தது. மற்ற இருவரும் தத்தம் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு ரட்கர்ஸ் நிதி ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுத்தனர். மருந்து மலிவாக யாவர்க்கும் கிடைப்பதற்காகவே இந்தத் தியாகம் என்று ஷாட்ஸ் நம்பினார். அது முற்றும் பொய்யுமன்று. மெர்க் கம்பெனிக்கு மட்டும் இருந்த தனியுரிமையை விட்டுக்கொடுக்கும்படி 1946-இல் வற்புறுத்திப் பல கம்பெனிகளும் மருந்து செய்ய வழி திறந்தவர் வாக்ஸ்மனே. ஆனால், ஸ்தாபனத்துக்கு வந்த ராயல்டியில் நூற்றுக்கு 20 பங்கு அவர் கைக்குப் போய்க்கொண்டிருந்ததை மாணவர் அறியவில்லை. அறிந்தபின் கோர்ட்டுக்குப் போனார்.

அவ்வருஷ டிசம்பரிலேயே வழக்கு ராஜியில் முடிந்தது. சட்டப்படியும் சாஸ்திரப்படியும் ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளரே என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அவருக்கு நூற்றுக்கு 3 பங்கு. வாக்ஸ்மனுக்கு 20 என்பது 10 ஆகக் குறைந்தது. 7 பங்கு கூடத்தில் உழைத்த மற்றவர்களுக்குப் பிரிக்கப்பட்டது. பணத்தைப் பொறுத்த மட்டில் இது ஒருவாறு நியாயமே. புகழைப் பொறுத்தோ? 1952-இல் நோபெல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. ஆசிரியர்மேல் வழக்குத் தொடுத்தவர் என்ற பெயர் ஷாட்ஸைச் சாஸ்திர உலகின் பெரிய வாயில்களுக்கு வெளியே நிறுத்திற்று. ரட்கர்ஸ் அவரை அழைத்துப் பதக்கம் அளித்தது 1994-இல்!

வாக்ஸ்மனைப் பேராசைக்காரர் என்று சித்தரிப்பது நமது நோக்கமன்று. கூடம் அவருடையது, முறை அவருடையது, வழி காட்டியவரும் அவரே. ராயல்டிப் பணத்திலிருந்தே ரட்கர்ஸில் ஒரு நுண்ணுயிர் ஆராய்ச்சிசாலை எழுந்தது. நாம் கவனிக்கவேண்டியது வேறு. ஒரே தேசத்தில், ஒரே கட்டிடத்தில், ஒரே பாஷை பேசிய இருவருக்குள், எழுதி வைத்த உடன்படிக்கை தெளிவாக இல்லாத ஒரு குறையால், மண்ணில் கையை வைத்தவன் உரிமை இவ்வளவு எளிதில் நழுவிற்றென்றால், கடல் கடந்து வந்த மண்ணுக்கும் அதை அனுப்பியவனுக்கும் என்ன கதி நேர்ந்திருக்கும்?

நேர்ந்ததைச் சொல்லுகிறோம். 1949-இல் பிலிப்பைன் தீவுகளில் இலோய்லோ என்னும் ஊரில் அபெலார்டோ அகிலார் என்ற டாக்டர், தாம் வேலைபார்த்த எலி லில்லி என்ற அமெரிக்கக் கம்பெனிக்குத் தம் ஊர் மண்ணை அனுப்பினார். அதிலிருந்து எரித்ரோமைஸின் பிறந்தது. 1952-இல் 'இலோடைஸின்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஊரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ராயல்டி கேட்ட டாக்டருக்கோ, அவர் 1993-இல் இறக்கும் வரையில், ஒன்றும் வரவில்லை. வான்கோமைஸின் போர்னியோத் தீவின் காட்டு மண்ணிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய பொட்டலத்தில் வந்தது. பஸிபிக் சமுத்திரத்தின் நடுவே ரபா நுயி என்று அங்குள்ளோர் வழங்கும் ஈஸ்டர் தீவுக்கு 1964-இல் சென்ற கனடாக் கோஷ்டி எடுத்து வந்த மண்ணிலிருந்து ரபமைஸின் கிடைத்தது. அதற்கு மருந்தாகும் தகுதி இல்லையென்று கம்பெனி கைவிட்ட நாட்களில், பஞ்சாபில் பிறந்து காசி ஹிந்து சர்வகலாசாலையில் படித்த சுரேந்திரநாத் ஸேகல் அந்த பாக்டீரியத்தைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் காப்பாற்றி வைத்திருந்தார். அவர் பிடிவாதத்தால் 1999-இல் அது, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதபடி காக்கும் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. தீவாருக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

நமக்கு இந்தக் கதை புதிதா? பருத்தியை மூட்டை மூட்டையாக அனுப்பிவிட்டுத் துணியாகத் திரும்ப வாங்கியவர்கள் அல்லவா நாம்! அந்நாளில் மூலப்பொருளுக்காவது ஏதோ ஒரு விலை கொடுத்தார்கள். மண்ணுக்கு அதுவும் இல்லை. நுண்ணுயிர்களும் விதைகளும் மானிட குலத்தின் பொதுச் சொத்து என்பது அன்றைய சித்தாந்தம். மண் பொது, ஆனால் மண்ணிலிருந்து வந்த மருந்து மட்டும் பேடண்டுக்காரனின் தனிச் சொத்து என்ற இந்த விசித்திர நியாயம் எந்த ஸ்மிருதியில் உள்ளதோ அறியோம்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. அது ஆசியாவிலேயே உள்ளது. ஜப்பானில் கிடஸாதோ ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஸதோஷி ஓமுரா 1973-இல் மெர்க் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மண்ணைத் தோண்டி உயிரைப் பிரித்தெடுப்பது தங்கள் வேலை. மிருகங்களில் சோதிப்பதும் மருந்தாக்குவதும் கம்பெனியின் வேலை. விற்பனையில் ராயல்டி தங்களுக்கு உண்டு. கவனிக்க: மண் பிறகு, பத்திரம் முதலில். இதோ என்ற கடற்கரை ஊரில் கவானா கோல்ப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணில் அகப்பட்ட ஒரு பாக்டீரியத்திலிருந்து ஐவர்மெக்டின் வந்தது. கண்ணைக் குருடாக்கும் ஆற்றுக்குருடு நோய்க்கு, 1987 முதல் ஆப்பிரிக்க ஏழைகளுக்கு அதை மெர்க் இலவசமாக அளித்து வருகிறது. கால்நடை மருந்தாக விற்ற வகையில் வந்த ராயல்டியால் கிடஸாதோவார் ஆஸ்பத்திரி கட்டினார்கள். 2015-இல் நோபெல் பரிசு ஓமுராவுக்கும் கம்பெனியைச் சேர்ந்த வில்லியம் காம்ப்பெலுக்கும் சேர்ந்தே கிடைத்தது. ஏழைக்கு மருந்தும், கம்பெனிக்கு லாபமும், மண் தோண்டியவருக்கு உரிமையும் ஒருங்கே ஸித்திப்பது அஸாத்தியமன்று என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. 1992-இல் ரியோ டி ஜனீரோவில் ஏற்பட்ட ஒப்பந்தம், உயிர்ச் செல்வம் அந்தந்த நாட்டின் ஆதிக்கத்துக்கு உட்பட்டது என்று ஒப்புக்கொண்டது. 2010-இல் நகோயா உடன்படிக்கை பயனில் பங்கு கொடுக்கவேண்டும் என்றது. அமெரிக்கா ரியோ ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நமது பார்லிமெண்டு 2002-இல் உயிரியற் பன்மைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதன்படி அமைந்த தேசிய அதிகார சபை நமது சென்னையிலேயே இருக்கிறது. நுண்ணுயிர்களும் அச்சட்டத்துள் அடக்கம். அந்நியர் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாகாது.

நல்லதே. ஆனால் சட்டம் காவல் காக்கும் வாயிலை விட்டு, களவு இப்பொழுது வேறு வாயிலால் நடக்கக்கூடும். மண்ணை எடுத்துச் செல்லவேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. பாக்டீரியத்தின் பரம்பரை எழுத்துக்களை யந்திரத்தால் படித்து, கம்பியில்லாத் தந்தியைப் போல் ஒரு கணத்தில் எங்கும் அனுப்பிவிடலாம். அந்த எழுத்துக்களைக் கொண்டு மருந்து செய்வோர் லாபத்தில் ஒரு பங்கைச் செலுத்துவதற்காக 2025 பிப்ரவரியில் 'காலி நிதி' என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். செலுத்துவது அவரவர் மனப்பூர்வமான இஷ்டமாம்! இஷ்டத்தின் பேரில் வரி வசூலித்த சர்க்காரை நாம் சரித்திரத்தில் கண்டதில்லை.

ஆகவே வேலியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வேலி போடுவது வேளாண்மை ஆகாது. உள்ளே உழவேண்டும். உழத் தெரியாதவர்களா நாம்? பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட ஸுப்பாராவ் சென்னை வைத்தியக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அங்கி அணிந்து அறுவை வகுப்புக்கு வந்தார் என்பதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பெற்று வெளியேறினார். அவரே அமெரிக்காவில் லெடர்லே ஆராய்ச்சிசாலையின் தலைவராயிருந்தபோது, அவர் நிர்வாகத்தின் கீழ், மிஸௌரி வயல் மண்ணிலிருந்து பெஞ்சமின் டுக்கர் கண்ட ஆரியோமைஸின் 1948-இல் வெளிவந்தது. டெட்ராஸைக்ளின் குடும்பத்தின் முதற் குழந்தை அது. கதருக்குப் பட்டம் மறுத்த கல்லூரி இழந்தது என்ன என்பதை அளவிட ஒருவராலும் முடியாது.

சுதந்திரம் வந்தபின் 1954-இல் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடனும் யூனிஸெப் உதவியுடனும், ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற சர்க்கார் தொழிற்சாலை எழுந்தது. பெனிஸிலினும் பின்னர் ஸ்ட்ரெப்டோமைஸினும் அங்கே ஆயின. அந்நிய முறைகளைப் பார்த்துச் செய்வதோடு அது நின்றுவிடவில்லை. ஸ்ரீ திருமலாச்சாரும் அவர் தோழர்களும் நம் மண்ணையே தோண்டினார்கள்; 1961-இல் காளான் நோய்களுக்கு மருந்தான ஹாமைஸினைக் கண்டார்கள். அதைச் சுரக்கும் பாக்டீரியத்துக்கு ஊரின் பெயரால் ஸ்ட்ரெப்டோமைஸீஸ் பிம்ப்ரினா என்று நாமகரணம் ஆயிற்று. இலோய்லோவுக்கும் பிம்ப்ரிக்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் பார்க்கவேண்டும். இரண்டு ஊர்களும் தம் பெயரைக் கொடுத்தன; ஒன்று மட்டுமே மருந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

மருந்துக்குப் பேடண்டு கூடாது, செய்முறைக்கு மட்டுமே பேடண்டு போதும் என்று 1959-இல் அறிக்கை எழுதியவர் சென்னை தந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார். 1970-ஆம் வருஷச் சட்டம் அவ்வழியே சென்றது. அதன் நிழலில் மருந்து விலை இறங்கி, தேசத் தொழில் தழைத்தது. சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் நிர்ப்பந்தத்தால் 2005 ஜனவரி முதல் அந்நிழலும் போயிற்று. அதற்கு முன்பே, 1990-களில், சீனாவின் மலிவுச் சரக்கோடு போட்டியிட மாட்டாமல் நமது நொதித் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பிம்ப்ரித் தொழிற்சாலை நலிந்த தொழில்களின் பட்டியலில் சேர்ந்தது. பெனிஸிலின் மூலச் சரக்கை நாமே செய்யவேண்டுமென்ற ஞானோதயம் 2020-இல் சீனத்துக் கொள்ளைநோயின்போதுதான் சர்க்காருக்குப் பிறந்தது. ஊக்கத் தொகைத் திட்டம் போட்டார்கள். 2024-இல் காக்கிநாடாவில் ஒரு பெரிய தொழிற்சாலை வேலையைத் தொடங்கியிருக்கிறது. வரவேற்கிறோம்.

ஆனால் தொட்டி வேறு, தேடல் வேறு. ஸ்ட்ரெப்டோமைஸின் தனித்துக் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் பலரிடம் சில மாதங்களுக்குள்ளேயே க்ஷயக் கிருமி அதற்குப் பணியாததாகிவிட்டது. மற்ற மருந்துகளின் கதியும் அதுவே. பழைய ஆயுதங்கள் மழுங்கும்போது புதியன வரும் வழி எது? மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும் பகுதி கண்ணாடித் தட்டில் வளரவே மறுப்பவை. அவற்றை மண்ணிலேயே சிறு அறைகளில் வைத்து வளர்க்கும் தந்திரத்தைப் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் கண்டு, அதனால் டீக்ஸோபாக்டின் என்ற புதுப் பொருளை 2015-இல் வெளியிட்டார்கள். அதற்கு மண் மெய்ன் ராஜ்யத்துப் புல்வெளி. இதைச் செய்ய நமக்கு வேண்டியவை அகரும் தட்டும் அடுப்பும் பொறுமையும். கோவில்பட்டிக் கரிசல், திருச்செந்தூர்த் தேரி மணல், தூத்துக்குடி உப்பளம், பிச்சாவரத்துச் சேறு ஆகியவற்றின் பக்கத்திலேயே நமது கலாசாலைகள் இருக்கின்றன. பட்டத்துக்காக ஆண்டுதோறும் மண்ணைத் தட்டில் விதைக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். கண்டது எதுவாயினும், பரீக்ஷை முடிந்ததும் தட்டு கழுவப்பட்டு, உயிர் சாக்கடைக்குப் போகிறது.

அவற்றைக் கழுவாமல் வைக்க ஜில்லாவுக்கு ஒரு குளிர்பெட்டியும், மண் எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஆசிரியரும் மாணவரும் இருவருமே கையெழுத்திட்டுப் பதியும் ஒரு புஸ்தகமும் ராஜ்ய சர்க்கார் கொடுக்கவேண்டும் என்பது நமது கோரிக்கை.  வருகிற வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று சட்டசபையில் கேட்கத் தமிழ் அங்கத்தினரில் ஒருவராவது எழுந்திருப்பார் என்று எதிர்பார்க்கிறோம்.